மாறியின் மதிப்பைக் கலத்தில் எழுதுதல்: செம்பனைக் கணக்கைக் கொண்டு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலைகளைக் கொண்டுவந்து விற்கும் இடத்தை எங்கள் ஊரில் எல்லாரும் ரேம்ப் என்றே சொல்வோம். அப்படிப்பட்ட ஒரு ரேம்ப்பில் மாலை வேளைகளில் நான் கணக்கு எழுதித் தருகிறேன். பழத்தோடு வரும் லாரி எடைமேடையில் ஏறி நிற்கும்போது ஓர் எண் கிடைக்கிறது. குலைகளைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது இன்னோர் எண் கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றைய டன் விலையால் பெருக்கி, வந்த தொகையை விற்றவர் கையில் கொடுக்க வேண்டும். முன்பு இதைக் கால்குலேட்டரில் தட்டி, விடையைக் கூகுள் ஷீட்ஸ் விரிதாளில் கையால் பதிந்துகொண்டிருந்தோம். இப்போது ஒரு சிறு நிரல் கணக்கைப் போட்டு, விடையை உரிய கலத்தில் தானே எழுதுகிறது.

நிரலுக்குள் ஒரு மாறியில், அதாவது ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்திருக்கும் இடத்தில், இருக்கும் மதிப்பை விரிதாளின் கலத்துக்குள் கொண்டுபோய் வைக்கும் அந்த ஒரு வேலையைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். அதற்குத் தேவையான நிரல்வரி ஒன்றே ஒன்றுதான். ஆனால் எந்தக் கலத்தில், எந்த வகை மதிப்பாக, எந்த நேரத்தில் எழுத வேண்டும் என்பதை எழுதுகிறவர் தெளிவாகச் சொல்லவில்லையென்றால் விரிதாள் தானே ஒன்றை ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகம் தவறாகும்போது விற்றவருடைய பணம் தவறாகிறது.

நிரல் எழுதும் இடமும் எழுத்தும்

விரிதாளைக் கணினியில் திறந்து, மேல்வரிசையில் உள்ள எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், நிரல் எழுதும் பக்கம் தனியாகத் திறக்கும். அங்கே எழுதப்படுவது ஜாவாஸ்கிரிப்ட் மொழி. கட்டளைப் பெயர்களை இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்தில் தருகிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், முதல் சொல்லைச் சிறிய எழுத்திலும் அடுத்தடுத்த சொற்களின் முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்திலும் தட்டச்சு செய்ய வேண்டும். கெட்ரேஞ்ச் என்று நான் எழுதினால் அது கெட், ரேஞ்ச் என்னும் இரண்டு சொற்கள். இரண்டாவதன் முதல் எழுத்து பெரியது. ஸ்ப்ரெட்ஷீட்ஆப், லாக்சர்வீஸ் என்பவையும் நம்பர், மேத் ஆகியவையும் இதற்கு விலக்கு. அவை பெரிய எழுத்திலேயே தொடங்கும். புள்ளி வைத்தவுடன் பொருத்தமான கட்டளைகளின் பட்டியலை நிரல்பக்கமே காட்டுவதால், அதிலிருந்து தேர்ந்தெடுப்பவருக்கு எழுத்துப்பிழை வராது.

மாறிகளின் பெயரை ஆங்கிலத்தில் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் யூனிகோட் எழுத்துகளைப் பெயராக ஏற்பதால், நிகரஎடை என்று தமிழிலேயே மாறிக்குப் பெயர் சூட்டலாம். என் நிரல்களில் அப்படித்தான் வைக்கிறேன். எனக்குப் பின் இந்தக் கணக்கைப் பார்க்க வருகிற இளைஞர் தமிழ்ப்பள்ளியில் படித்தவராக இருந்தால், ஒரு விளக்கமும் இல்லாமல் அவருக்குப் புரிய வேண்டும். செயற்கூற்றின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல்வரிகளின் தொகுப்பு, பங்ஷன்) பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது என் வழக்கம்.

எங்கள் தாளின் பெயர் எடை. அதன் முதல் வரிசையில் தலைப்புகள் உள்ளன. நெடுவரிசைகள் இடமிருந்து வலமாகத் தேதி, வண்டி எண், மொத்த எடை, வெற்று எடை, நிகர எடை, டன் விலை, தொகை என ஏழு. முதற்படியாக, நிரல் பின்வருமாறு அமையும்.

பங்ஷன் சேவ்வெயிட்() {
கான்ஸ்ட் தாள் = ஸ்ப்ரெட்ஷீட்ஆப்.கெட்ஆக்டிவ்ஸ்ப்ரெட்ஷீட்().கெட்ஷீட்பைநேம்("எடை");
கான்ஸ்ட் மொத்தஎடை = 4860;
கான்ஸ்ட் வெற்றுஎடை = 2323;
கான்ஸ்ட் நிகரஎடை = மொத்தஎடை - வெற்றுஎடை;
தாள்.கெட்ரேஞ்ச்(2, 5).செட்வேல்யூ(நிகரஎடை);
}

கடைசி வரிதான் நம் பொருள். கெட்ரேஞ்ச் கலத்தைச் சுட்டுகிறது. அடைப்புக்குறிக்குள் முதல் எண் கிடைவரிசை, இரண்டாவது எண் நெடுவரிசை. செட்வேல்யூ அந்தக் கலத்தில் மதிப்பை வைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் அணிகள், அதாவது பல மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் பட்டியல்கள், சுழியிலிருந்து எண்ணப்படுகின்றன. விரிதாளின் வரிசைகளோ ஒன்றிலிருந்து எண்ணப்படுகின்றன. இரண்டும் ஒரே நிரலில் கலந்து வருவதால், எடையைத் தலைப்பு வரிசையின் மேலேயே எழுதிவிடுவது தொடக்கத்தில் பலருக்கும் நேரும் தவறு. மேலே உள்ள இயக்கு பொத்தானை முதன்முறை அழுத்தும்போது உங்கள் கணக்கின் அனுமதியைக் கூகுள் கேட்கும். நிரலை எழுதியவர் நீங்களே என்பதால், சரிபார்க்கப்படாத செயலி என்ற எச்சரிக்கை வந்தாலும் தொடரலாம்; பிறர் அனுப்பிய நிரலாக இருந்தால், ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்காமல் அனுமதி கொடுக்காதீர்கள்.

மாறியின் பெயரை மேற்கோள் குறிக்குள் போடக்கூடாது. செட்வேல்யூவுக்கு நிகரஎடை என்று வெறுமனே கொடுத்தால் கலத்தில் 2537 விழும். அதையே மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் நிகரஎடை என்ற சொல்லே விழும்.

மதிப்பா, சூத்திரமா

கலத்துக்குப் போய்ச் சேர்வது மாறி அன்று. அந்த நொடியில் மாறிக்குள் இருந்த மதிப்பு மட்டுமே. எழுதி முடித்த பின் நிரலுக்கும் கலத்துக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை. மொத்த எடையை நாளைக்கு யாரேனும் கையால் திருத்தினால், நிகர எடை பழைய எண்ணாகவே நிற்கும். இதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. பணம் கைமாறும் கணக்கில் இதுவே பாதுகாப்பு என்பது என் முடிவு.

அதற்குக் காரணம் நானே செய்த ஒரு தவறு. நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன், டன் விலையைத் தாளின் ஓரத்தில் ஒரே கலத்தில் வைத்து, எல்லாத் தொகைகளையும் அந்தக் கலத்தைச் சுட்டும் சூத்திரங்களால் கணித்திருந்தேன். செம்பனைப் பழத்தின் விலை நிலையானதன்று. கச்சாச் செம்பனை எண்ணெயின் சந்தையோடு ஏறி இறங்கும். விலை மாறிய காலையில் ஓரக் கலத்தில் புதிய எண்ணை இட்டேன். இட்ட அந்த நொடியில், முந்தைய மூன்று வாரங்களில் கொடுத்து முடித்த தொகைகள் அனைத்தும் புதிய விலைக்கு மாறிவிட்டன. தாளில் இருந்ததும் ரசீதில் இருந்ததும் வேறு வேறாகிப் போயின. ஒவ்வொரு ரசீதாக எடுத்து வைத்துத் திருத்தி முடிக்க இரண்டு இரவுகள் ஆயின.

ஆகவே ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றைப் பதிவு செய்யும் கலங்களில் மதிப்பை எழுதுங்கள்: அன்றைய விலை, அன்றைய எடை, கொடுத்த தொகை ஆகியவை அத்தகையவை. மாதக் கூட்டுத்தொகை போல, மேலே உள்ளவை மாறும்போது தானும் மாற வேண்டிய கலத்தில் மட்டும் செட்பார்முலா என்னும் கட்டளையால் சூத்திரத்தை எழுதுங்கள்.

தொகையைக் கணிக்கும் வரியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு டன் விலையை 780 வெள்ளி (மலேசிய ரிங்கிட்; ஒரு வெள்ளிக்கு 100 சென்) என்று வைத்துக்கொண்டால், 2,537 கிலோவுக்கு 1,978 வெள்ளி 86 சென் வருகிறது. மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கொடுக்கும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. ஆகவே கையில் கொடுப்பது 1,978 வெள்ளி 85 சென். கலத்தின் வடிவமைப்பில் இரண்டு தசம இடங்கள் காட்டச் சொன்னால் மட்டும் போதாது; வடிவமைப்பு பார்வைக்கு மட்டுமே, உள்ளே இருக்கும் எண் மாறுவதில்லை. எழுதுவதற்கு முன்பே மாறியில் முழுமையாக்கிவிட வேண்டும்.

கான்ஸ்ட் தொகை = நிகரஎடை * டன்விலை / 1000;
கான்ஸ்ட் ரொக்கம் = மேத்.ரவுண்ட்(தொகை * 20) / 20;

ஒரு வெள்ளியில் ஐந்து சென் இருபது முறை அடங்குவதால் இருபதால் பெருக்கி, முழு எண்ணாக்கி, மீண்டும் இருபதால் வகுக்கிறோம். வங்கி வழியாகப் பணம் அனுப்பும் நாள்களில் இந்த முழுமையாக்கல் தேவையில்லை. அப்போது நூறால் பெருக்கி நூறால் வகுத்து, சென் அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

எண் எண்ணாகவே போக வேண்டும்

எடையோடு கிலோ என்ற சொல்லையும் சேர்த்துக் காட்ட விரும்பி, நிகரஎடை + " கிலோ" என்று எழுதுபவர்கள் பலர். எண்ணோடு எழுத்துச் சரத்தை (மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துகளின் தொடரை) கூட்டியவுடன் மொத்தமும் எழுத்தாகிவிடுகிறது. கலத்தில் பார்க்க அழகாக இருக்கும். மாத இறுதியில் கூட்டுத்தொகை போடும்போது அந்தக் கலத்தை விரிதாள் எண்ணாகக் கருதாமல் விட்டுவிடும். எந்த எச்சரிக்கையும் வராமல் கூட்டுத்தொகை மட்டும் குறைந்து நிற்கும் என்பதால் இது மிகவும் ஆபத்தான பிழை. கலத்தில் வெறும் எண்ணை எழுதிவிட்டு, அலகை வடிவமைப்பில் சேர்ப்பதே சரியான வழி:

தாள்.கெட்ரேஞ்ச்(2, 5).செட்வேல்யூ(நிகரஎடை).செட்நம்பர்பார்மட்('#,##0 "கிலோ"');

இப்போது கலம் 2,537 கிலோ என்று காட்டும்; உள்ளே இருப்பது 2537 என்ற எண் மட்டுமே.

மாறிக்குள் இருப்பது எண்தானா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். பயனரிடம் கேள்விப் பெட்டியில் கேட்டு வாங்கும் விடை எப்போதும் எழுத்துச் சரமாகவே வரும். எழுத்துச் சரங்களைக் கழித்தால் ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை எண்ணாக்கிக் கழிக்கும், கூட்டினால் ஒட்டிவிடும். 4860 என்பதும் 100 என்பதும் சரங்களாக இருந்து, அவற்றைக் கூட்டினால் 4860100 கிடைக்கும். நிகர எடை சரியாக வந்துகொண்டிருப்பதைக் கண்டு நிரல் நன்றாக இருக்கிறது என்று நம்பிய பிறகு, இரண்டு லாரிகளின் எடையைக் கூட்டும் நாளில்தான் இது வெளிப்படும். ஆகவே வாங்கிய உடனேயே நம்பர் என்னும் செயற்கூற்றில் இட்டு எண்ணாக்குங்கள். 4,860 என்று காற்புள்ளியோடு ஒருவர் தட்டச்சு செய்தால் நம்பர் அதை எண்ணாக ஏற்காது என்பதால், முதலில் காற்புள்ளியை நீக்கி, பின்னர் இஸ்நான் (இதில் மட்டும் கடைசி எழுத்தும் பெரியது) என்னும் சோதனையைச் செய்து, எண் இல்லையென்றால் எதையும் எழுதாமல் நிறுத்துங்கள்.

எழுத்தாகவே போக வேண்டிய எண்கள்

இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. நம் நாட்டு அடையாள அட்டை எண் 12 இலக்கங்கள் கொண்டது; முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் சுழியில் தொடங்கும். இடைக்கோடுகள் இல்லாமல் அதைச் சரமாகவே நிரலில் வைத்திருந்தாலும், செட்வேல்யூ கலத்தில் எழுதும்போது, நீங்களே விசைப்பலகையில் தட்டியதைப் போலவே விரிதாள் அதைப் படித்து எண்ணாக மாற்றிவிடும். தொடக்கத்துச் சுழி உதிர்ந்து 11 இலக்கங்களே மிஞ்சும். 01 என்று தொடங்கும் கைப்பேசி எண்களுக்கும் இதே கதிதான். தந்தையின் காலத்து எண்கள் எல்லாம் சரியாக இருக்க, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளின் எண்கள் மட்டும் குறைந்திருப்பதைப் பட்டியலில் கண்டால் இதுவே காரணம்.

தீர்வு எளிது, வரிசைமுறை முக்கியம். மதிப்பை எழுதுவதற்கு முன் அடையாள எண்ணுக்கு ஏழுக்கு அடுத்து நாம் சேர்க்கும் எட்டாம் நெடுவரிசையை வெற்று எழுத்து வடிவத்துக்கு மாற்ற வேண்டும்:

தாள்.கெட்ரேஞ்ச்(வரிசை, 8).செட்நம்பர்பார்மட்("@").செட்வேல்யூ(அடையாளஎண்);

எழுதிய பிறகு வடிவத்தை மாற்றினால் உதிர்ந்த சுழி திரும்பி வராது. செம்பனைப் பழம் விற்க மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் தேவைப்படுவதால், உரிம எண்ணையும் பதிந்து வைக்க வேண்டியிருக்கிறது. அதையும் இதே முறையில் எழுத்தாகவே வையுங்கள். கணக்குப் போடத் தேவையில்லாத எந்த எண்ணும் எண் அன்று, பெயர் என்று கொண்டால் குழப்பம் இருக்காது. குறிப்பு எழுதும் நெடுவரிசையில் ஒருவர் சமக்குறியில் தொடங்கி ஏதேனும் எழுதியிருந்தால், செட்வேல்யூ அதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிறர் தட்டச்சு செய்ததை அப்படியே எழுதும்போது முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைச் சேர்த்துவிடுவது நல்லது.

தேதியில் இன்னும் கவனம் வேண்டும். 03/04/2025 என்ற சரத்தை எழுதினால், விரிதாளின் வட்டார அமைப்பு மலேசியா என்றிருந்தால் ஏப்ரல் 3 ஆகவும், அமெரிக்கா என்றிருந்தால் மார்ச் 4 ஆகவும் அது மாறும். 25/04/2025 என்பது அமெரிக்க அமைப்பில் தேதியாகவே ஆகாமல் எழுத்தாக நின்றுவிடும். அதனால் ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதியும் பாதி எழுத்துமாகக் கலந்து கிடக்கும். தேதியைச் சரமாக எழுதாமல், தேதிப் பொருளாக உருவாக்கி எழுதுங்கள். அதிலும் மாதம் சுழியிலிருந்து எண்ணப்படுவதால் ஏப்ரல் மாதத்துக்கு 3 என்று கொடுக்க வேண்டும். நேர மண்டலம் இரண்டு இடங்களில் தனித்தனியாக இருக்கிறது: விரிதாளின் அமைப்புகளில் ஒன்று, நிரல் திட்டத்தின் அமைப்புகளில் ஒன்று. நிரல் கோலாலம்பூர் நேரத்திலும் விரிதாள் அமெரிக்க நேரத்திலும் இருந்தால், நள்ளிரவு என்று நிரல் எழுதிய தேதி விரிதாளில் முந்தைய நாளாகத் தெரியும். இரண்டையும் கோலாலம்பூருக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு வரிசை முழுவதையும் எழுதுதல்

ஏழு மதிப்புகளுக்கு ஏழு செட்வேல்யூ எழுத வேண்டியதில்லை. புதிய பதிவு எப்போதும் அடியில் சேர்வதாக இருந்தால் அப்பெண்ட்ரோ போதும்:

தாள்.அப்பெண்ட்ரோ([இன்று, வண்டிஎண், மொத்தஎடை, வெற்றுஎடை, நிகரஎடை, டன்விலை, ரொக்கம்]);

இது கடைசி வரிசையைத் தானே கண்டுபிடித்து, அதன் அடியில் ஏழு மதிப்புகளையும் ஒரே செயலாக எழுதுகிறது. ஆனால் கடைசி வரிசை என்று அது கருதுவது, எந்த நெடுவரிசையிலாவது ஏதேனும் உள்ள கடைசி வரிசையை. கீழே ஆயிரமாவது வரிசை வரை தேர்வுக் கட்டங்களை (செக்பாக்ஸ்) யாரேனும் முன்கூட்டியே இழுத்து வைத்திருந்தால், காலியாகத் தெரியும் அந்தக் கட்டங்களுக்குள்ளும் பொய் என்னும் மதிப்பு இருப்பதால், உங்கள் பதிவு 1001ஆம் வரிசையில் போய் விழும். எழுதியது காணவில்லை என்று தேடுபவர்கள் முதலில் தாளின் அடிப்பகுதிக்குப் போய்ப் பாருங்கள்.

பல வரிசைகளை ஒரே சமயத்தில் எழுதல்

மாதக் கணக்கை ரசீதுகளிலிருந்து மொத்தமாக ஏற்றும்போது, ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு செட்வேல்யூவைச் சுழற்சிக்குள் (அதே வரியைத் திரும்பத் திரும்ப இயக்கும் அமைப்பு) வைத்து இயக்குவது எல்லாரும் முதலில் செய்வது. நிரலும் விரிதாளும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிப் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு பேச்சுக்கும் நேரம் பிடிக்கிறது. பால்மரம் (ரப்பர்) வெட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மங்கில் (மரத்தில் பால் வடியும் கிண்ணம்) வடிந்த பாலை மங்கு மங்காக ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு நடப்பவர் யாரும் இல்லை; நிரை முழுவதும் நடந்து மங்குப் பாலையெல்லாம் வாளியில் சேர்த்துக்கொண்டு, வாளி நிறைந்த பிறகுதான் ஸ்டோருக்குப் போவார்கள். நிரலில் அந்த வாளியின் வேலையைச் செய்வது ஓர் அணி. கூகுள் நிறுவனத்தின் வழிகாட்டியில், 100 கிடைவரிசைகளும் 100 நெடுவரிசைகளும் கொண்ட பகுதியில் கலங்களுக்கு ஒவ்வொன்றாக நிறம் பூசும் நிரல் ஏறத்தாழ 70 விநாடி எடுத்துக்கொள்வதாகவும், அதையே அணியில் சேர்த்து ஒரே கட்டளையாகப் பூசினால் 1 விநாடியே ஆவதாகவும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒரு முறை இயங்கும் நிரலுக்கு 6 நிமிடமே அனுமதிக்கப்படுகிறது. அதைத் தாண்டினால் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும்.

ஒரே கட்டளையாக எழுதுவதற்கு உரியது செட்வேல்யூஸ். அது கேட்பது அணிகளின் அணி. வெளி அணி முழு ரப்பர்க் காடு. உள்ளே இருக்கும் ஒவ்வோர் அணியும் ஒரு நிரை. ஒரே ஒரு நிரையை எழுதினாலும் அது காட்டுக்குள் இருக்க வேண்டும். அதாவது இரட்டைச் சதுர அடைப்பு தேவை. மூன்று மதிப்புகளைப் பக்கவாட்டில் எழுத [[1, 2, 3]] என்றும், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத [[1], [2], [3]] என்றும் கொடுக்க வேண்டும். [1, 2, 3] என்று ஒற்றை அடைப்பில் கொடுத்தால் நிரல் பிழை காட்டி நிற்கும்.

கான்ஸ்ட் பதிவுகள் = [];
ஒவ்வொரு ரசீதுக்கும் சுழற்சிக்குள்: பதிவுகள்.புஷ்([தேதி, வண்டிஎண், மொத்தஎடை, வெற்றுஎடை, நிகரஎடை, டன்விலை, ரொக்கம்]);
சுழற்சி முடிந்த பின்: தாள்.கெட்ரேஞ்ச்(தொடக்கவரிசை, 1, பதிவுகள்.லெங்த், 7).செட்வேல்யூஸ்(பதிவுகள்);

இங்கே கெட்ரேஞ்ச் நான்கு எண்களைப் பெறுகிறது. மூன்றாவது எண் முடியும் வரிசை அன்று. எத்தனை வரிசைகள் என்னும் எண்ணிக்கை. நான்காவதும் அவ்வாறே நெடுவரிசைகளின் எண்ணிக்கை. 10ஆம் வரிசையில் தொடங்கி 15ஆம் வரிசையில் முடிக்க வேண்டுமானால் மூன்றாவது எண் 6. குறிப்பிட்ட பகுதியின் அளவும் அணியின் அளவும் ஒரு கலம்கூடப் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், தரவில் இத்தனை நெடுவரிசைகள், பகுதியில் இத்தனை நெடுவரிசைகள் என்று பிழைச்செய்தி இரண்டு எண்களையும் சொல்லும். அந்தச் செய்தியைக் கண்டு எரிச்சல் கொள்ளாமல் அந்த இரண்டு எண்களையும் படியுங்கள். எந்தப் பக்கம் தவறு என்பது அதிலேயே இருக்கிறது. வரிசைகளின் எண்ணிக்கையை நீங்களே எழுதாமல் அணியின் நீளத்திலிருந்து எடுத்தால் இந்தப் பிழை பெரும்பாலும் வராது. ரசீதே இல்லாத நாளில் அணி காலியாக இருக்கும், சுழி வரிசைகள் கொண்ட பகுதியைக் கேட்பதும் பிழை. ஆகவே நீளம் சுழியை விட அதிகமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தமிழ்ப் பெயர்களில் மறைந்திருக்கும் சிக்கல்

தாளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. கெட்ஷீட்பைநேம் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். தாள் கிடைக்காவிட்டால் வெறுமையைத் திருப்பும், அடுத்த வரியில் கெட்ரேஞ்ச் பிழையாகும். பெயர் சரியாக இருக்கிறது என்று கண் சொல்லும், நிரல் இல்லை என்னும். தொகை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தொ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய பெயரும் முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டிய பெயரும் இப்படி வேறுபட நேரலாம். நார்மலைஸ் என்னும் செயற்கூறு இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரம் கொண்டும் ஶகரம் கொண்டும் எழுத முடிவதால் வரும் வேறுபாட்டை நார்மலைஸ் தீர்க்காது. அதை நீங்களே ஒரே வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெயரின் இறுதியில் ஒட்டியிருக்கும் இடைவெளியும் இதே தொல்லையைத் தரும். அதற்கு ட்ரிம் போதும்.

கலத்திலேயே அழைக்கும் செயற்கூறு எழுதாது

சமக்குறி போட்டு, கலத்துக்குள்ளேயே உங்கள் செயற்கூற்றை அழைக்கலாம். ஆனால் அப்படி அழைக்கப்படும் செயற்கூற்றுக்கு வேறு கலங்களில் செட்வேல்யூ செய்ய அனுமதி இல்லை. அனுமதி இல்லை என்ற பிழையே வரும். அது தன் விடையைத் திருப்பித் தர மட்டுமே முடியும். அணிகளின் அணியைத் திருப்பினால் பக்கத்துக் கலங்களிலும் விடை பரவும். வேறிடத்தில் எழுத வேண்டுமானால் பொத்தான், பட்டியல், அல்லது திருத்தம் நிகழும்போது தானாக இயங்கும் ஆன்எடிட் ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்த வேண்டும்.

எடைமேடைக்குப் பக்கத்தில் கணினி இல்லை, கைப்பேசிதான் இருக்கிறது என்பவர்களுக்கு ஆன்எடிட்டே உகந்தது. நாமே சேர்க்கும் பட்டியல்கள் கைப்பேசிச் செயலியில் தோன்றுவதில்லை. எங்கள் ரேம்ப்பில் எட்டாம் நெடுவரிசைக்கு அடுத்து ஒரு தேர்வுக் கட்டம் வைத்திருக்கிறோம். எடைகளைப் பதிந்தவர் அந்தக் கட்டத்தைத் தொட்டால், ஆன்எடிட் பெறும் நிகழ்வுப் பொருளிலிருந்து (நடந்த திருத்தத்தின் விவரங்கள் அதில் இருக்கும்) எந்த வரிசை என்பதை அறிந்து, நிகர எடையையும் தொகையையும் கணித்து அதே வரிசையில் எழுதிவிடுகிறது. திருத்தப்பட்டது ஒன்பதாம் நெடுவரிசைதானா, தாள் எடைதானா என்று இரண்டையும் முதலில் சோதிக்காவிட்டால், வேறு எந்தக் கலத்தைத் தொட்டாலும் நிரல் எழுதத் தொடங்கிவிடும். கட்டம் தேர்வு செய்யப்பட்டதும் நிகழ்வுப் பொருளில் வரும் மதிப்பு ட்ரூ என்னும் சொல், பெரிய எழுத்துகளில், சரமாக. அதை உண்மை என்னும் தருக்க மதிப்போடு ஒப்பிட்டால் பொருந்தாது. நிரல் தானே செய்யும் மாற்றம் ஆன்எடிட்டை மறுபடி தூண்டுவதில்லை என்பதால் முடிவில்லாச் சுழற்சி ஏற்படும் என்ற பயம் வேண்டாம். தேர்வுக் கட்டங்களை முன்கூட்டியே அடிவரை இழுத்து வைத்தால் அப்பெண்ட்ரோ வழி தவறும் என்று மேலே சொன்னேன் அல்லவா. இந்த முறையைப் பின்பற்றுபவர்கள் இரண்டையும் ஒரே தாளில் கலக்காமல் இருக்க வேண்டும்.

இரண்டு பேர் இரண்டு கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் பதியும் இடங்களில், கடைசி வரிசையைக் கேட்டுவிட்டு அதற்கு அடுத்த வரிசையில் எழுதும் நிரல் ஆபத்தானது. இருவருடைய நிரலும் ஒரே வரிசை எண்ணைப் பெற்று, பிந்தியவர் எழுதுவது முந்தியவரின் பதிவை அழித்துவிடும். அப்பெண்ட்ரோ இந்த இடையூறுக்கு ஆளாகாது. செட்வேல்யூஸ்தான் வேண்டும் என்றால், லாக்சர்வீஸ் மூலம் பூட்டைப் பெற்று, வெயிட்லாக்கில் 10000 மில்லிவிநாடி வரை காத்திருக்கச் சொல்லி, எழுதி முடித்து, ஸ்ப்ரெட்ஷீட்ஆப்.ப்ளஷ்() என்ற கட்டளையால் நிலுவையில் உள்ள மாற்றங்களையெல்லாம் தாளில் இறக்கிய பிறகே பூட்டை விடுவிக்க வேண்டும். ப்ளஷ் இல்லாமல் விடுவித்தால், எழுதியது தாளில் இறங்குவதற்கு முன்பே அடுத்தவர் உள்ளே வந்துவிடக்கூடும்.

கூகுள் ஷீட்ஸ் அல்லாமல் எக்ஸெல்லில் வேலை செய்பவர்கள், அதன் விபிஏ நிரலில் செல்ஸ்(2, 5).வேல்யூ என்பதற்குச் சமக்குறியிட்டு மாறியின் பெயரைத் தந்தால் போதும். அங்கும் வரிசைகள் ஒன்றிலிருந்தே எண்ணப்படுகின்றன, அடையாள எண்ணின் சுழியும் அதே போல உதிரும், அதற்கும் எழுதுமுன் வடிவத்தை எழுத்தாக்குவதே வழி.

பழைய பதிவுகள் உள்ள தாளில் நிரலை முதன்முறை இயக்குவதற்கு முன் தாளை நகலெடுத்து, அந்த நகலில் இயக்கிப் பாருங்கள். ரசீதுக் கட்டிலிருந்து ஐந்து ரசீதுகளை எடுத்து, சுழியில் தொடங்கும் அடையாள எண் உள்ளவருடையது ஒன்றும், மாதத்தின் 12ஆம் தேதிக்குப் பிந்தைய தேதியிட்டது ஒன்றும், சென் முழுமையாக்க வேண்டியது ஒன்றும் அவற்றில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, நிரல் எழுதிய ஒவ்வொரு கலத்தையும் ரசீதோடு ஒப்பிடுங்கள். ஐந்தும் பொருந்திய பிறகு உண்மைத் தாளுக்கு வாருங்கள்.